குழந்தைகளை வைத்துக்கொண்டு நர்சிங் படிப்பதென்றால்: ஏ.என்.எம்., ஜி.என்.எம்., பி.எஸ்சி., எது யாருக்கு?

திருமணமாகி, குழந்தைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு நர்சிங் படிக்க விரும்பும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பவற்றைத்தான். முப்பது வயதில், ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஜி.என்.எம். (பொது செவிலியர், மகப்பேறு செவிலியர் பட்டயப் படிப்பு) சேர்ந்தவள் நான். அந்த இரண்டு கேள்விகளும் தேவையானவையே. ஆனால் என்னோடு சேர்ந்து பாதியில் நின்றுபோன மூன்று தாய்மார்களில் ஒருவர்கூடக் கட்டணத்தால் நிற்கவில்லை. காலை ஏழரை மணிக்கு வார்டில் இருக்க வேண்டிய நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல்தான் நின்றார்கள். ஆகவே எந்தப் படிப்பு நல்லது என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்தப் படிப்பை உங்கள் வீடு தாங்கும் என்று கேட்பதே சரியான தொடக்கம்.

## எவற்றை வைத்து ஒப்பிட வேண்டும்

முதல் அளவுகோல் பதிவு. படிப்பை முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் உங்கள் பெயர் பதிவாகிப் பதிவு எண் கிடைக்குமா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை இருக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற விடையின் பொருள், "இல்லை" என்பதுதான்.

இரண்டாவது தகுதி: பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தீர்கள், இப்போது வயது என்ன என்பவை. மூன்றாவது, வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம் விலகியிருக்க வேண்டும், விடுதியில் தங்கியே ஆக வேண்டுமா, வெளியூர்ப் பயிற்சி எத்தனை வாரம் என்பது. நான்காவது பணம், கட்டண அட்டையில் அச்சிடப்படாத செலவுகளும் இதில் சேரும். ஐந்தாவது, படித்து முடிக்கும்போது உங்களுக்கு இருக்கப்போகும் வயதில் எந்த வேலைகள் திறந்திருக்கும் என்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரையை முப்பத்திரண்டு வயதுத் தாய்க்கும் அப்படியே சொல்வது இதனால்தான் பிழையாகிறது.

| படிப்பு | காலம் | பன்னிரண்டாம் வகுப்பில் வேண்டியது | பதிவு எண் |
|---|---|---|---|
| ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் படிப்பு) | 2 ஆண்டுகள் | எந்தப் பிரிவும் | உண்டு, துணைச் செவிலியராக |
| ஜி.என்.எம். | 3 ஆண்டுகள் | எந்தப் பிரிவும், ஆங்கிலத்தில் தேர்ச்சி, 40 விழுக்காடு | உண்டு |
| பி.எஸ்சி. நர்சிங் | 4 ஆண்டுகள் | இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், 45 விழுக்காடு | உண்டு |
| நர்சிங் உதவியாளர் படிப்புகள் | சில மாதங்கள் முதல் ஓராண்டு | பெரும்பாலும் பத்தாம் வகுப்பே போதும் | இல்லை |

மதிப்பெண்ணில் பட்டியலின, பழங்குடி மாணவியருக்குத் தளர்வு உண்டு. ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள வயது 17 முதல் 35 வரை. முப்பத்து மூன்றில் யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இது வெறும் எண் அன்று. இன்னும் இரண்டு சேர்க்கைக் காலங்களே மிச்சம் என்று பொருள். அரசு இடங்களுக்கான விதிகள் ஒவ்வோர் ஆண்டின் விளக்கக் கையேட்டிலும் வெளியாகும் என்பதால், அதன் வயதுப் பத்தியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகப் படித்துவிடுங்கள். தபால் வழியிலோ மாலை வகுப்பிலோ முடிக்கக்கூடிய அடிப்படை நர்சிங் படிப்பு எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

## ஏ.என்.எம்.

இரண்டே ஆண்டுகளில் முடிகிற இந்தப் படிப்பு பெண்களுக்கு மட்டுமே உரியது. கிராம சுகாதாரச் செவிலியர் பணிக்கு இதுவே வாயில். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணை சுகாதார நிலையங்களில், கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கான விவரங்களைச் சேர்ப்பது, வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என்று நாள் ஓடும். நடை அதிகம், பதிவேடுகள் அதற்கும் அதிகம். ஆனாலும் மருத்துவமனையின் சுழல்முறை நைட் டூட்டி இதில் இல்லை என்பது சிறு குழந்தைகளின் தாய்க்குப் பெரிய ஆறுதல்.

இதன் மறைமுக விலை, கதவுகள் குறைவு என்பதுதான். மருத்துவமனைகளின் ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கோ வெளிநாட்டு நர்ஸ் பணிக்கோ இந்தப் பதிவு போதாது. தனியார் மருத்துவமனையில் சேர்ந்தால், ஜி.என்.எம். முடித்தவர் செய்கிற அதே வேலையைக் குறைந்த சம்பளத்தில் செய்ய நேரிடும். அரசுப் பணியிடங்களோ அறிவிப்பு வரும்போதுதான் வரும். ஒன்றை மட்டும் இதன் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும்: ஏ.என்.எம். பதிவு பெற்றவர் பின்னாளில் ஜி.என்.எம். சேர விரும்பினால் அவருக்கு 35 வயது வரம்பு பொருந்தாது. வயது எல்லைக்கு அருகில் இருப்பவருக்கு, இன்று ஏ.என்.எம்., குழந்தைகள் வளர்ந்த பிறகு ஜி.என்.எம். என்று இரண்டு தவணையாக ஏறும் வழி இதனால் திறந்தே இருக்கிறது. சொந்த ஊரை விட்டு நகர முடியாதவருக்கும் கைக்குழந்தை இருப்பவருக்கும் இதையே முதலில் சொல்வேன்.

## ஜி.என்.எம்.

நான் படித்தது இது என்பதால் மட்டும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் அல்லது கலைப் பிரிவு படித்துவிட்டுப் பத்தாண்டு கழித்துத் திரும்பி வருகிற பெண்ணுக்கு, முழுமையான பதிவு பெற்ற செவிலியராவதற்கு உள்ள நேர்வழி இது ஒன்றே. மூன்று ஆண்டுகள், அதில் கடைசிப் பகுதி இன்டர்ன்ஷிப். முடித்ததும் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம். வசதிப்படும்போது இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் படித்துப் பி.எஸ்சி. பட்டமும் பெறலாம்.

ஆனால் இந்த மூன்று ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். எழுத்துப் பாடத்திலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். செய்முறை வருகையை 100 விழுக்காடாக நிரப்பாமல் சான்றிதழ் கைக்கு வராது. அம்மை போட்ட குழந்தைக்காக நீங்கள் எடுக்கும் பத்து நாள் விடுப்பு அங்கேயே முடிந்துவிடுவதில்லை. பின்னால் விடுமுறையில், மற்ற மாணவியர் ஊருக்குப் போன பிறகு, பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் மே மாதத்தில், அந்தப் பத்து நாளையும் வார்டில் நின்று ஈடு செய்ய வேண்டும்.

அதன்பின் ரெக்கார்டு நோட்டுகள். கேர் பிளான், கேஸ் ஸ்டடி, புரொசீஜர் புக், பிரசவப் பதிவேடு என்று ஒவ்வொன்றும் கையால் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியவை. இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து எழுதுவேன். மூத்த மகள் தன் வீட்டுப்பாடம் முடிந்ததும் என் நோட்டுக்கு ஓரக்கோடு போட்டுக் கொடுப்பாள். கோடு கோணலாகப் போனால் அவளே ரப்பரால் அழித்து மறுபடி போடுவாள். அந்த நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். பதினேழு வயதுத் தோழிகள் விடுதியில் ஒன்றாக உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் முடித்ததை எழுத எனக்கு மூன்று இரவுகள் ஆயின. வேகம் குறைவு என்பது காரணமன்று. நடுவில் இரண்டு முறை எழுந்து போக வேண்டியிருந்தது.

வெளியூர்ப் பயிற்சிதான் தாய்மார்களை அதிகம் அலைக்கழிப்பது. மனநல நர்சிங் பயிற்சிக்காகப் பல மாவட்டங்களின் மாணவியர் 1794இல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு வந்து வாரக்கணக்கில் சென்னையில் தங்குகிறார்கள். சமுதாய நலப் பயிற்சிக்குக் கிராமத்தில் தங்க வேண்டியிருக்கும். இந்த வாரங்கள் எந்த ஆண்டில், எந்த மாதத்தில் வரும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வகுப்பு ஒருங்கிணைப்பாளரிடம் முழு ஆண்டுத் திட்டம் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

இன்னொரு கேள்வி, விடுதி. முதல் ஆண்டு முழுவதும் விடுதியில் தங்கியே ஆக வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. திருமணமானவருக்கு வீட்டிலிருந்து வந்துபோக அனுமதி உண்டா என்பதை வாய்ப்பேச்சாகக் கேட்டால் "பார்த்துக்கொள்ளலாம்மா" என்பார்கள், எழுத்தில் கேளுங்கள். பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பதைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டாம். உடற்கூறியல் சொற்களைப் பொறுத்தவரை, நேற்றுப் பள்ளி முடித்த பெண்ணுக்கும் உங்களுக்கும் முதல் ஆறு மாதம் ஒரே நிலைதான்.

## பி.எஸ்சி. நர்சிங்

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படித்திருந்தால் மட்டுமே இந்த வழி திறக்கும். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் நான்கு ஆண்டுகள், எட்டுப் பருவங்கள். அரசு ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தரவரிசைப்படி நிரப்பப்படுவதால், பத்தாண்டுக்கு முன் வாங்கிய மதிப்பெண்ணை வைத்து இன்றைய மாணவியரோடு போட்டியிட வேண்டியிருக்கும். அரசு இடம் கிடைக்காவிட்டால் மிஞ்சுவது நிர்வாக ஒதுக்கீடு. குடும்பச் சேமிப்பு கரைவது இங்கேதான்.

எட்டாம் பருவம் தனியாகக் கவனிக்க வேண்டியது. 22 வாரங்கள், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மொத்தம் 1,056 மணி நேர இன்டர்ன்ஷிப். வேலைக்குப் போகும் பெண்ணின் முழு வாரம் அது, சம்பளம் மட்டும் இல்லை.

இந்த உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பவையும் பெரியவை. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர் உடனே எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவருக்கு 50 படுக்கைகளுக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவமும் வேண்டும். ஆனால் அந்தத் தேர்வின் பொது வயது வரம்பு 30, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சில ஆண்டுகள் கூடுதல். இருபத்தெட்டில் சேர்ந்து முப்பத்திரண்டில் முடிக்கப்போகும் ஒருவர் எய்ம்ஸ் வேலையைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஜி.என்.எம்.மைவிட ஓராண்டு கூடுதலாகச் செலவழிப்பது சரியன்று. ஆசிரியப் பணிக்கும் மேற்படிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் பட்டம் துணை நிற்கும். ஆனாலும் வளைகுடா நாடுகளும் பிரிட்டனும் அனுபவத்தையும் தங்கள் தேர்வுகளையுமே முதலில் பார்க்கின்றன என்பதால், ஜி.என்.எம். முடித்துச் சில ஆண்டு வார்டில் நின்றவர் அங்கே பின்தங்கிவிடுவதில்லை.

இருபத்தைந்து வயதுக்குள், உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண்ணோடு, பேரக்குழந்தையை முழுமையாகப் பார்த்துக்கொள்ளும் தாயோ மாமியாரோ ஒரே வீட்டில் இருக்கிறவருக்கு பி.எஸ்சி.யையே சொல்வேன். முப்பதைக் கடந்தவருக்கு, அரசு இடம் கிடைத்தாலன்றி, ஜி.என்.எம். முடித்து வேலையில் சேர்ந்து, பிறகு போஸ்ட் பேசிக் படிப்பதே குடும்பத்துக்கு ஏற்றது என்பது என் துணிபு. மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள் ஆனாலும் நடுவில் சம்பளம் வரத் தொடங்கிவிடும்.

## ஓராண்டு உதவியாளர் படிப்புகள்

பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் "ஓராண்டில் நர்ஸ் ஆகலாம்" என்று இருப்பவை இவை. இவற்றை முடித்தவர் நோயாளி பராமரிப்பு உதவியாளராகவோ வீட்டு முதியோரைக் கவனிப்பவராகவோ வேலை செய்யலாம். அது மதிக்கத்தக்க வேலை, தேவையும் உள்ள வேலை. ஆனால் அவர் பதிவு பெற்ற செவிலியர் ஆக மாட்டார், எத்தனை ஆண்டு அனுபவம் சேர்ந்தாலும் ஆக முடியாது. இந்த வேறுபாட்டை மறைத்துச் சேர்க்கும் இடங்களின் மீது எனக்குத் தீராத வருத்தம் உண்டு, ஏனெனில் நானும் முதலில் அப்படி ஓரிடத்தில் முன்பணம் கட்டினேன். வெள்ளைச் சீருடை, மாடியில் இரண்டு கட்டில் போட்ட "டெமோ அறை", சுவரில் சட்டமிட்ட ஒரு சான்றிதழ் எல்லாம் இருந்தன. பதிவு எண் எந்தக் கவுன்சிலில் கிடைக்கும் என்று என் தம்பி கேட்டபோது, "அது நாங்களே தருவோம்" என்றார்கள். அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவருக்கும், 35 வயதைக் கடந்துவிட்டவருக்கும், இரத்தமும் மலமும் கழிவும் நிறைந்த இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்று சில மாதம் பார்த்துத் தெளிய விரும்புகிறவருக்கும் இது பொருந்தும். உதவியாளர் வேலைக்குத்தான் போகிறோம் என்று தெரிந்து சேர்ந்தால் குறையொன்றும் இல்லை.

மற்ற மூன்றில் எதில் சேர்வதானாலும், நிறுவனத்தின் பெயர் மாநில கவுன்சில் பட்டியலிலும், இந்திய நர்சிங் கவுன்சில் தளத்திலும், பி.எஸ்சி.யானால் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 2023இல் தேசிய நர்சிங், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டிருப்பதால் அமைப்புகளின் பெயர்கள் மாறலாம். பதிவு எண் இல்லாமல் செவிலியர் இல்லை என்பது மாறப்போவதில்லை.

## கையைக் கடிக்கும் செலவுகள்

சீருடை இரண்டு செட் என்று சொல்வார்கள். தினமும் வார்டுக்குப் போகிறவருக்கு மூன்றாவது இல்லாமல் முடியாது. ஷூ, ரெக்கார்டு நோட்டுகள், தேர்வுக் கட்டணம், வெளியூர்ப் பயிற்சியின்போது தங்குமிடமும் சாப்பாடும், பாதியில் நின்றால் மிச்ச ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் அசல் சான்றிதழைத் தருவோம் என்கிற நிபந்தனை, இவை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை தையலோ டியூஷனோ செய்து ஈட்டிக்கொண்டிருந்தால், அந்த வருமானம் மூன்று ஆண்டுகளுக்கு நின்றுபோவதும் செலவுதான்.

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை தொடங்காது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். வித்யாலட்சுமி தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். பட்டியலின, பழங்குடி மாணவியருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்; திருமணமாகி வேலையில் இல்லாதவருக்குக் கணவரின் வருமானமே கணக்கு என்பதால், வருமானச் சான்றிதழை அவர் பெயரில் முன்கூட்டியே வாங்கி வைப்பது அலைச்சலைக் குறைக்கும்.

வருமானத்தைப் பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2016இல் அறிவுறுத்தியதன்பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. சிறு ஊர்களில் அந்தத் தொகையைக் காணாத ஸ்டாஃப் நர்ஸ்கள் இன்றும் இருக்கிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக 2015இல் அரசுப் பணிக்கு வந்தவர்களே மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில்தான் தொடங்கினார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017இல் சென்னையில் போராட வேண்டியிருந்தது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

## குழந்தையின் வகுப்பும் உங்கள் ஆண்டும்

முடிவெடுக்கும் முன் ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் உங்கள் படிப்பின் ஆண்டுகளையும் வலப்பக்கம் ஒவ்வொரு குழந்தையும் அப்போது படிக்கப்போகும் வகுப்பையும் எழுதிப் பாருங்கள். மகன் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது ஜி.என்.எம். சேர்ந்தால், அவன் பத்தாம் வகுப்புக்குப் போகும் ஆண்டில் நீங்கள் படித்து முடித்திருப்பீர்கள். அதே ஆண்டில் பி.எஸ்சி. சேர்ந்திருந்தால், அவனுடைய பொதுத்தேர்வு மாதமும் உங்கள் 48 மணி நேர வாரங்களும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் தாய்க்கு இந்த மோதலே இல்லை. கல்லூரியை ஒப்பிடுவதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்தத் தாளுக்குக் கொடுங்கள்.

பிறகு ஒவ்வொரு வெளியூர்ப் பயிற்சிக்கும் நைட் டூட்டி மாதத்துக்கும் எதிரே, வீட்டில் இருக்கப்போகிறவரின் பெயரை எழுதுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று எழுதாமல் ஒருவரின் பெயரையே எழுதி, அவரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். என் தாளில் கீழ்ப்பாக்கம் நான்கு வாரத்துக்கு எதிரே என் அம்மாவின் பெயர் இருந்தது. அவர் ஊரில் ஆட்டுக்குட்டிகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்து தங்கினார். அதற்கு அவருக்கு எட்டு மாதம் முன்பே தேதி தெரிந்திருந்தது. உங்கள் தாளில் பெயர் எழுத முடியாத மாதம் ஏதேனும் இருந்தால், விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பாக அந்த மாதத்துக்கு வரக்கூடியவர் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.